கராஜ் வெளி அல்ல: ரொறன்ரோத் தமிழ்ச் சங்க நிர்வாகங்களுக்கு ஒரு திறந்த மடல்

ரொறன்ரோ பெரும்பாகத்தில் இயங்கும் ஊர்ச் சங்கங்கள், பழைய மாணவர் சங்கங்கள், கோவில் நிர்வாகங்கள், முதியோர் மன்றங்கள் ஆகியவற்றின் தலைவர்கள், செயலாளர்கள், நிர்வாக சபையினர் அனைவருக்கும் வணக்கம்.

இதைத் தீயணைப்புத் திணைக்களத்துக்கோ மாநகர சபைக்கோ எழுதியிருக்கலாம். அவர்கள் தாங்கள் சொல்ல வேண்டியதைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். எங்கள் ஆட்கள் அதை வாசிப்பதில்லை. மின்சாரம் நின்ற இரவில் கைபேசியில் சார்ஜ் இருக்கும் வரைக்கும் எங்கள் சனம் பார்ப்பது உங்கள் வட்ஸ்அப் குழுக்களைத்தான். "எங்கடை பக்கம் கரண்ட் இல்லை, உங்களுக்கு?" என்று தொடங்கும். "ஆரிட்டையாவது ஜெனரேற்றர் இருக்கோ?" என்று போகும். கொஞ்ச நேரத்தில் ஒருவர் மற்றவருக்கு அதை எப்படி ஓட்டுவது என்று குரற்பதிவில் வகுப்பெடுப்பார். அந்த வகுப்புகளில் நான் கேட்டவற்றில் பாதி பிழை. சில பிழைகள் ஆளைக் கொல்லக்கூடியவை. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன். நான் ஸ்காபரோவில் வீடுகளுக்கு மின்வேலை செய்து பிழைப்பவன். எந்தச் சங்கத்திலும் பதவியில் இல்லை, எந்த இயந்திரமும் விற்பதில்லை.

2013 டிசம்பர் 21ஆம் திகதி இரவு தொடங்கிய உறைபனி மழை உங்களில் பலருக்கு நினைவிருக்கும். ரொறன்ரோவில் மட்டும் ஏறத்தாழ 300,000 மின் இணைப்புகள் அறுந்தன. ஸ்காபரோவின் சில தெருக்களுக்கு நத்தார் கழிந்த பிறகும் வெளிச்சம் வரவில்லை. 2022 மே 21 அன்று அடித்த புயற்காற்று, 2025 மார்ச் கடைசியில் ஒரில்லியா, பீற்றர்பரோ பக்கங்களை முடக்கிய பனிமழை என்று அதற்குப் பிறகும் வந்துகொண்டுதான் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் பிறகு கடைகளில் சிறிய மின்பிறப்பாக்கிகள் அள்ளுப்படும். இப்போது எங்கள் ஆட்கள் பெரும்பாலும் வாங்குவது பெற்றோலிலும் புரொப்பேனிலும் ஓடக்கூடிய இரட்டை எரிபொருள் வகை. வாங்கியவர்களில் பலர் புரொப்பேனில்தான் ஓட்டுகிறார்கள்.

அது நல்ல முடிவு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாபிகியூ அடுப்புக்கு வைத்திருக்கும் 20 இறாத்தல் சிலிண்டர் எல்லார் வீட்டிலும் உண்டு. பெற்றோல் சில மாதங்களில் பழுதாகிக் காபுரேற்றரை அடைத்துவிடும். புரொப்பேன் சிலிண்டரில் வருடக்கணக்காக அப்படியே இருக்கும். சூடான இயந்திரத்தில் பெற்றோல் சிந்தித் தீப்பிடிக்கும் பயம் இல்லை. ஊரே இருண்டு கிடக்கும்போது பெற்றோல் நிலையத்துப் பம்பும் ஓடாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வலு கொஞ்சம் குறையும், பத்துவீதம் அளவில். அது பெரிய குறை அல்ல. ஒரு 3,500 வாட் இயந்திரம் அரைச் சுமையில் ஒரு சிலிண்டருக்கு எட்டுப் பத்து மணித்தியாலம் ஓடும் என்று உற்பத்தியாளர்கள் சொல்வார்கள். ஒரு குளிர்சாதனப் பெட்டி, நாலு விளக்கு, கைபேசிகள் என்றால் அது தாராளம்.

தொல்லை எங்கே என்றால், "புரொப்பேன் சுத்தமானது" என்ற பேச்சில். சுத்தம் என்ற அந்தச் சொல்லை வைத்துக்கொண்டுதான் இயந்திரத்தை உள்ளே கொண்டுவருகிறார்கள்.

இதைப் பற்றி யாருடனாவது வாதாடிப் பாருங்கள், உடனே வேர்ஹவுஸ் கதை வரும். "அண்ணை, நான் வேலை செய்யிற இடத்திலை புரொப்பேன் ஃபோர்க்லிஃப்ட் பத்து ஓடுது. எல்லாம் உள்ளுக்கைதான். ஒருத்தருக்கும் ஒண்டும் நடக்கேல்லை." சொல்பவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த வேர்ஹவுசின் கூரை எவ்வளவு உயரம், லொறி ஏற்றும் கதவுகள் எத்தனை தடவை திறந்து மூடுகின்றன, காற்றை இழுத்து வெளியே தள்ளும் விசிறிகள் எத்தனை, அந்த ஃபோர்க்லிஃப்டுகளின் இயந்திரத்தை யார் எப்போது சரிபார்க்கிறார்கள் என்பதெல்லாம் அந்தக் கதையில் வராது. இவ்வளவு இருந்தும், பனித்தரையைச் சீராக்கும் புரொப்பேன் வண்டியால் பனிச்சறுக்கு அரங்குகளில் விளையாடியவர்கள் நச்சுக்காற்றில் மயங்கிய சம்பவங்கள் வட அமெரிக்காவில் பலமுறை பதிவாகியிருக்கின்றன. அரங்கு ஒன்றின் கொள்ளளவு எங்கே, இரண்டு கார் நிற்கும் கராஜ் எங்கே.

நல்ல முறையில் காற்றுக் கிடைத்து எரியும் புரொப்பேன், பெற்றோலைவிடக் குறைவாகக் காபனோரொட்சைட்டை (கார்பன் மொனொக்சைட் என்ற நச்சு வாயுவை) வெளிவிடலாம். அது உண்மை. ஆனால் மலிவு விலை மின்பிறப்பாக்கியில் இருப்பது புல்வெட்டும் இயந்திரத்து இனத்தைச் சேர்ந்த சிறிய இயந்திரம். காரில் இருப்பதுபோலப் புகையைச் சுத்திகரிக்கும் உறுப்பு அநேகமாக எதிலும் இல்லை. மூடிய இடத்தில் அதை ஓட்டினால் தான் விட்ட புகையைத் தானே திரும்ப உறிஞ்சத் தொடங்கும். ஒட்சிசன் குறையக் குறைய எரிதல் கெட்டுப்போய்க் காபனோரொட்சைட்டு கூடிக்கொண்டே போகும். அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், ஒரு சிறிய மின்பிறப்பாக்கி நூற்றுக்கணக்கான கார்கள் சும்மா நின்று ஓடும்போது விடுமளவு காபனோரொட்சைட்டை வெளிவிடலாம் என்று திரும்பத் திரும்ப எச்சரிக்கிறது. இந்த வாயுவுக்கு நிறம் இல்லை, மணம் இல்லை. குருதியில் ஒட்சிசனைக் காவும் ஈமோகுளோபினுடன் ஒட்சிசனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாகச் சேரும். பெற்றோல் இயந்திரமாவது நெடியடித்துக் கொஞ்சம் காட்டிக்கொடுக்கும். புரொப்பேன் அந்த உதவியையும் செய்வதில்லை. தலையிடி, தலைச்சுற்று, ஓங்காளம், உடம்புச் சோர்வு. காய்ச்சல் மட்டும் இருக்காது. குளிருக்குத் தடிமன் பிடித்துவிட்டது என்று நினைத்துப் பனடோல் ஒன்றைப் போட்டுவிட்டுப் படுப்பவர்தான் எழும்பாமல் போகிறார்.

இனி, எங்களுக்கே உரிய ஒரு காரணம். நாற்பது வயதைத் தாண்டிய யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு ஜெனரேற்றர் புதிய சாமான் அல்ல. வீடியோவும் தொலைக்காட்சியும் வாடகைக்கு எடுத்து முற்றத்தில் விடிய விடியப் படம் பார்த்த காலம் உண்டு. 1990இல் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்ற பிறகு, பெற்றோலைச் சொட்டுக் கணக்கில் விட்டு உசுப்பி மண்ணெண்ணெயில் ஓட்டிய தண்ணீர்ப் பம்புகளும் மோட்டார் சைக்கிள்களும் எங்களை அரைகுறை மெக்கானிக்குகளாக்கி வைத்தன. அந்தத் தைரியம் இன்னும் கையில் இருக்கிறது. ஜெனரேற்றரைக் கொட்டிலுக்குள் வைத்தோம், விறாந்தை ஓரத்தில் வைத்தோம், ஒன்றும் நடக்கவில்லை. ஏன் நடக்கவில்லை? ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவில் கை நுழையும் இடைவெளி. யன்னலில் கம்பி இருக்கும், கண்ணாடி இராது. கதவுக்கு மேலே காற்றுப் போகச் சிமெந்துப் பூக்கற்கள். அந்த வீடுகள் இருபத்துநாலு மணித்தியாலமும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தன. இங்கே நாங்கள் இருப்பது ஒரு சொட்டுச் சூடும் வெளியேறாதபடி இறுக்கி அடைத்த பெட்டி. யன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி, கதவுக்கு றப்பர் விளிம்பு, சுவருக்குள் பிளாஸ்ரிக் தாள். உள்ளே வந்த நச்சுக்காற்று போக வழியில்லை. அங்கே சரியாக இருந்த அனுபவம் இங்கே அப்படியே ஆபத்தாகிவிடுகிறது.

அதிலும் கராஜ். எங்களுடைய பல குடும்பங்களில் கராஜ் இரண்டாவது குசினி. வீட்டுக்குள் மணம் ஏறக்கூடாது என்று மீன் பொரிப்பதும், பிறந்தநாளுக்கு ஆட்டிறைச்சி காய்ச்சுவதும், தைப்பொங்கலன்று உறைகுளிரில் கதவை அரைவாசி தூக்கிவிட்டுப் பானை வைப்பதும் அங்கேதான், பெரிய காஸ் அடுப்பில். அந்தப் பழக்கத்தைப் பற்றியும் எனக்குக் கருத்து இருக்கிறது, இங்கே விடுவோம். அடுப்பு ஒரு மணித்தியாலத்தில் அணையும், பக்கத்தில் ஆட்கள் விழித்திருப்பார்கள். ஆனால் அந்தப் பழக்கம் எங்கள் மனதில் கராஜை வெளியிடமாகப் பதிந்து வைத்திருக்கிறது. "கதவை அரைவாசி திறந்துதான் விட்டனான்" என்று சொல்லாத ஆளை நான் காணவில்லை. கராஜ் வெளி அல்ல. முழுக் கதவைத் திறந்து விட்டாலும் அல்ல. வீட்டுக்குள் போகும் கதவின் அடியாலும், சுவரில் குழாய் போன ஓட்டைகளாலும், மேலே உள்ள படுக்கையறைத் தளத்தாலும் கராஜின் காற்று வீட்டுக்குள் போய்க்கொண்டே இருக்கும். வீட்டுக்குள் சூடான காற்று மேலே எழும்போது கீழிருந்து காற்றை இழுக்கும். ஃபேர்னஸ் என்ற வீட்டுச் சூடேற்றியின் விசிறி ஓடினால் இன்னும் இழுக்கும். 2013 பனிமழையின்போது ரொறன்ரோவுக்குக் கிழக்கே நியூகாசிலில் ஒரு வீட்டில் இருவர் இறந்ததாகச் செய்தி வந்தது. அங்கும் இயந்திரம் கராஜுக்குள்தான் ஓடியது.

ஏன் கராஜுக்குள் வைக்கிறார்கள் என்று கேட்டால், அறியாமை என்று மட்டும் சொல்லிவிட முடியாது. இருட்டில் வெளியே விட்டால் களவு போய்விடும் என்ற பயம்தான் முதற் காரணம். அடுத்தது பனியும் மழையும், பிறகு அயலவர் சத்தத்துக்கு முறைப்பார் என்ற கூச்சம். மூன்றுக்கும் வழி இருக்கிறது. தடித்த சங்கிலியால் மரத்தோடோ வேலிக் கம்பத்தோடோ கட்டிப் பூட்டுங்கள். நாலு பக்கமும் திறந்த, இயந்திரத்துக்கென்றே செய்த மேற்கூரை விற்கிறார்கள். அதை விட்டுத் தறப்பாளால் சுற்றி மூடினால் அது இன்னொரு சின்னக் கராஜ். அயலவரிடம் ஒரு வயரை நீட்டி அவர் குளிர்சாதனப் பெட்டியையும் ஓடவிட்டால் சத்தம் அவருக்குக் கேட்காது.

தூரம் குறைந்தது 6 மீற்றர், அதாவது இருபது அடி. புகைக்குழாய் வீட்டுக்கு எதிர்ப்பக்கம் பார்க்க வேண்டும். இதைச் சொன்னதும் மார்க்கத்திலோ ஏஜக்ஸிலோ வரிசை வீட்டில் இருப்பவர் சிரிப்பார். அவருடைய பின்வளவே இருபது அடிதான். உங்கள் யன்னலில் இருந்து ஆறு மீற்றர் தள்ளினால் பக்கத்து வீட்டாரின் யன்னலடி. இங்கே நான் வளைந்து கொடுக்க மாட்டேன்: எந்தப் பக்கம் வைத்தாலும் யாரோ ஒருவரின் யன்னலடிக்குத்தான் புகை போகும் என்றால் அந்த வீட்டுக்கு எரிபொருளில் ஓடும் மின்பிறப்பாக்கி சரிவராது. கரண்ட் இருக்கும்போது ஏற்றி வைக்கும் பெரிய மின்கலப் பெட்டி வாங்குங்கள். வீட்டுக்குள்ளேயே வைக்கலாம், புகை இல்லை. விலை கூட, ஓடும் நேரம் குறைவு. கைபேசியும் விளக்கும், இரவில் சிலருக்குத் தேவைப்படும் மூச்சுக்கருவியும் ஓடும். தொடர்மாடியில் இருப்பவர்களுக்கும் இதுதான். பல்கனியில் இயந்திரம் ஓட்டும் யோசனையே வேண்டாம்.

இப்போது வரும் சில இயந்திரங்களில் காபனோரொட்சைட்டு கூடினால் தானாக நின்றுவிடும் உணரி இருக்கிறது. 2018இல் அமெரிக்காவில் வந்த தரநிலைகளுக்குப் பிறகு இது பரவியது. வாங்கும்போது கட்டாயம் கேட்டு வாங்குங்கள். ஆனால் அந்த உணரி இருப்பது இயந்திரத்தில். இயந்திரத்தைச் சுற்றி நல்ல காற்று வீசிக்கொண்டிருக்க, அதன் புகை நேராக உங்கள் படுக்கையறை யன்னலுக்குள் போனால் அதற்கு எப்படித் தெரியும்?

பேஸ்மென்ற் பற்றித் தனியாக எழுத வேண்டும். எங்களுடைய புதிய ஆட்கள், படிக்க வந்த பிள்ளைகள், அகதிக் கோரிக்கை போட்டுவிட்டு இருப்பவர்கள், ஊரில் இருந்து கூப்பிட்ட அம்மா அப்பா, இவர்களில் பெரும்பாலானோர் நிலத்துக்குக் கீழேதான் இருக்கிறார்கள். மேலே வீட்டுக்காரர் பின்வளவில் இயந்திரத்தை வைக்கும்போது தன்னுடைய யன்னலைப் பார்ப்பார். நில மட்டத்தில், தகரக் கிணறு போட்ட அந்தச் சின்ன யன்னல் அவர் கண்ணில் படாது. பனிக்காலத்தில் புகை சுவரோரமாகத் தங்கி அதற்குள் இறங்கும். கீழே இருப்பவர் வாடகைக்கு இருப்பவர். மேலே போய்க் "கொஞ்சம் தள்ளி வையுங்கோ" என்று சொல்ல வாய் வராது. பல இடங்களில் அந்த வாடகையே பதிவில் இல்லை, அதனால் 911ஐ அழைக்கவும் தயக்கம். உங்கள் குழுக்களில் வீட்டுச் சொந்தக்காரர்களும் இருக்கிறார்கள், கீழே இருப்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் சொல்லக்கூடிய இடம் உங்களுடையதுதான்.

சிலிண்டருக்கு வருவோம். புரொப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு பாரம். கசிந்தால் மேலே பறந்து போகாது. தரையோடு ஊர்ந்து தாழ்வான இடம் தேடும். பேஸ்மென்ற் படிக்கட்டும் கழிவுநீர்த் துவாரமும் அதற்குப் பிடித்த இடங்கள். அதனால் மேலதிகச் சிலிண்டரைக் கராஜிலோ பேஸ்மென்றிலோ வைக்காதீர்கள். வெளியே, நிமிர்த்தி, யன்னலுக்கும் கதவுக்கும் தள்ளி வையுங்கள். காரில் கொண்டுவரும்போதும் நிமிர்ந்து நிற்க வேண்டும், யன்னல் திறந்திருக்க வேண்டும், கடைக்குள் போய்ச் சாமான் வாங்கும் வரைக்கும் காரில் கிடக்கக் கூடாது. கசிவு தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் அழுகல் மணம் கலக்கிறார்கள். வயது போனவர்களுக்கும், கோவிட் வந்து மூக்கு மரத்தவர்களுக்கும் அந்த மணம் பிடிபடாமல் போகலாம். மூக்கை நம்பாமல் சவர்க்காரத் தண்ணீரை நம்புங்கள். பாத்திரம் கழுவும் சவர்க்காரத்தைத் தண்ணீரில் நுரைக்கக் கலக்கி, இணைப்பிலும் குழாய் நெடுகவும் பூசி, சிலிண்டரைத் திறந்து பாருங்கள். கொப்பளம் வளர்ந்தால் மூடுங்கள். நெருப்புக்குச்சி தட்டிப் பார்ப்பதை வேடிக்கை என்று நினைக்காதீர்கள், அப்படிப் பார்ப்பவரை எனக்குத் தெரியும்.

சிலிண்டரின் அடைப்பானை (வால்வை) மெதுவாகத் திறக்க வேண்டும். இதை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. சட்டென்று முழுக்கத் திறந்தால், குழாய் அறுந்துவிட்டது என்று நினைத்துப் பாதுகாப்பு அமைப்பு ஓட்டத்தைக் கட்டுப்படுத்திவிடும். இயந்திரம் உசும்பும், திணறும், நிற்கும். உடனே "காஸ் வருகுதில்லை" என்று றெகுலேற்றரைக் கழற்றத் தொடங்குவார்கள். தேவையில்லை. மூடி, ஒரு நிமிடம் பொறுத்து, கால் சுற்றுச் சுற்றாகத் திறந்தால் சரியாகிவிடும். நிறுத்தும்போது முதலில் சிலிண்டரை மூடி, குழாயில் மிச்சம் இருக்கும் வாயுவை இயந்திரம் எரித்துத் தானாக நிற்க விடுங்கள்.

குளிர்தான் பெரிய சோதனை. சிலிண்டருக்குள் திரவமாக இருப்பது வாயுவாக மாறினால்தான் இயந்திரத்துக்கு உணவு. மாறுவதற்குச் சூடு வேண்டும், அந்தச் சூட்டைச் சிலிண்டரின் தகரத்தின் வழியே வெளிக்காற்றில் இருந்துதான் எடுக்கிறது. புரொப்பேன் மறை 42 பாகை செல்சியஸில் (-42°C) கொதிக்கும் என்பதால் ஒன்ராறியோக் குளிரில் வேலை செய்யாமல் போகாது. ஆனால் மறை 20இல், பாதி காலியான சிறிய சிலிண்டரில் பாரச் சுமை போட்டால், திரவம் இருக்கும் மட்டம் வரைக்கும் வெளியே வெள்ளையாக உறைபனி படரும், அழுத்தம் விழும், விளக்கு மங்கி மங்கி வரும். அந்த நேரத்தில்தான் சுடுதண்ணீர்க் கேத்தலோடு ஓடுகிறவர், ஹீற்றரைப் பக்கத்தில் வைக்கிறவர், சிலிண்டரை மட்டும் கராஜுக்குள் எடுத்து வைத்துக் குழாயைக் கதவடியால் விடுகிறவர் எல்லாம் வருவது. ஒன்றும் வேண்டாம். சுமையைக் குறையுங்கள். நிறைந்த சிலிண்டரை மாட்டுங்கள். இயன்றால் பனிக்காலத்துக்கு 30 அல்லது 40 இறாத்தல் சிலிண்டர் வைத்திருங்கள். படுக்கப் போட மட்டும் வேண்டாம். திரவமே றெகுலேற்றருக்குள் பாய்ந்துவிடும். கழுத்து வளையத்தில் குத்தியிருக்கும் திகதியையும் பாருங்கள். கனடாவில் பத்து வருடத்துக்கு ஒருமுறை சோதனை கட்டாயம், தாண்டியதை நிரப்பித் தர மாட்டார்கள். இதை அறிய வேண்டியது ஒக்ரோபரில், புயல் இரவில் அல்ல.

என் தொழிலைப் பற்றிய ஒன்று. இரண்டு முனையிலும் ஆண் பிளக் உள்ள வயர் செய்து தரச் சொல்லிச் சிலர் கேட்கிறார்கள். ஒரு முனை ஜெனரேற்றரில், மறுமுனை துணி உலர்த்தும் இயந்திரத்தின் சொக்கெற்றில், முழு வீடும் ஒளிரும் என்று காணொளியில் பார்த்தார்களாம். அந்தக் கரண்ட் உங்கள் வீட்டோடு நிற்காது. தெருவில் உள்ள மின்மாற்றிக்குப் போய், ஆயிரக்கணக்கான வோல்ற்றாக உயர்ந்து, அறுந்த கம்பியை இணைத்துக்கொண்டிருக்கும் தொழிலாளியின் கையில் முடியும். முதன்மைப் பிறேக்கரை மறக்காமல் அணைத்துவிடுவேன் என்பதை நான் ஏற்கத் தயாரில்லை. இருட்டில், குளிரில், பிள்ளை அழும் வீட்டில் மறக்கும். ஃபேர்னஸ்தான் ஓட வேண்டும் என்றால், அதன் விசிறிக்கு வேண்டியது சில நூறு வாட் மட்டுமே. உரிமம் பெற்ற மின்னியலாளரைக் கொண்டு, மின் பாதுகாப்பு அதிகார சபைக்கு அறிவித்து, தெருக் கரண்டைத் துண்டித்து ஜெனரேற்றருக்கு மாற்றும் சுவிச்சும், ஜெனரேற்றர் வயரைச் செருக வெளிச்சுவரில் ஒரு வாயிலும் போடுங்கள். காசு செலவாகும், ஒரு தடவைதான். மற்றச் சாமான்களுக்குத் தடித்த வெளிப்புற வயர் போதும். கைபேசி சார்ஜருக்குப் பாவிக்கும் மெல்லிய வயரில் குளிர்சாதனப் பெட்டியை மாட்டினால் கதவு நசிக்கும் இடத்தில் அது உருகும்.

எச்சரிக்கைக் கருவி. 2008 டிசம்பரில் வூட்ஸ்ரொக்கில் அடைபட்ட புகைபோக்கியால் ஒரு குடும்பத்தில் நால்வரும் இறந்த பிறகு, அவர்களுடைய பெயரைத் தாங்கி 2013இல் ஹோக்கின்ஸ் ஜின்யாக் சட்டம் நிறைவேறியது. அதிலிருந்து ஒன்ராறியோவில் எரிபொருள் கருவியோ ஒட்டிய கராஜோ உள்ள வீடுகளில் படுக்கையறைகளுக்கு அருகே காபனோரொட்சைட்டு எச்சரிக்கைக் கருவி கட்டாயம். 2026 ஜனவரி 1 முதல் அப்படியான வீடுகளின் ஒவ்வொரு தளத்திலும் கட்டாயம். இருக்கிறதா என்று கேட்டால் எல்லாரும் ஓம் என்பார்கள். எழும்பிப் போய்ப் பாருங்கள். பல வீடுகளில் இருப்பது சுவரில் செருகும் வகை. உள்ளே மின்கலம் இல்லையென்றால், ஜெனரேற்றர் தேவைப்படும் அதே கணத்தில் அது செத்துவிடும். இன்னும் சில வீடுகளில் ஆயுள் முடிந்து கீச்சிட்டதைக் கழற்றி இழுப்பறைக்குள் வைத்திருப்பார்கள். நாலு தடவை தொடர்ந்து கத்தி, நிறுத்தி, மறுபடி நாலு தடவை கத்தினால் அது காபனோரொட்சைட்டு. எப்போதாவது ஒரு கீச் என்றால் மின்கலமோ ஆயுளோ. இந்த வித்தியாசத்தை உங்கள் அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள், அவருக்குத் தெரியுமா என்று.

கத்தினால் யன்னல் திறந்துவிட்டுப் பொறுத்துப் பார்ப்பது அல்ல. ஆட்களை எண்ணி வெளியே எடுத்துவிட்டு, வெளியில் நின்று 911. ஆங்கிலம் வராதவர் "தமிழ்" என்ற ஒரு சொல்லைச் சொன்னால் மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள். பேஸ்மென்றில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று தீயணைப்பு வீரர் கேட்பது எண்ணிக்கைக்காக, வாடகைக்காக அல்ல.

உங்கள் சங்கங்களின் காரியங்களையும் சொல்லாமல் விட முடியாது. கோடை ஒன்றுகூடல்களில் ஒலிபெருக்கிக்கும் கொத்துரொட்டிக் கல்லுக்குப் பக்கத்து விசிறிக்கும் புரொப்பேன் மின்பிறப்பாக்கி ஓடுகிறது. மழை தூறியதும் கூடாரத்துக்கு மூன்று பக்கமும் படங்கு இறங்கும், இயந்திரம் நனையக் கூடாதென்று அதுவும் உள்ளே வரும், அதற்கு அருகில் மேலதிகச் சிலிண்டர்கள், சிலிண்டரில் கால் வைத்தபடி ஒரு தம்பி. தேர்த் திருவிழாவில் தண்ணீர்ப்பந்தலுக்குப் பின்னால் பார்த்ததும் இதே காட்சி. பெரியவர்கள் செய்வதைப் பார்த்துத்தான் வீட்டிலும் செய்கிறார்கள். ஒவ்வொரு நிகழ்வுக்கும் இயந்திரத்துக்குப் பொறுப்பாக ஒரு ஆளைப் பெயர் சொல்லி நியமியுங்கள். அவருக்கு ஒலிபெருக்கியை நிறுத்தும் அதிகாரமும் கொடுங்கள், பேச்சாளர் யாராக இருந்தாலும்.

நான் கேட்பது இவ்வளவுதான். கார்த்திகை மாதக் கூட்டம் ஒன்றில் அரை மணித்தியாலம் ஒதுக்கி, மண்டபத்துக்கு வெளியே ஒரு இயந்திரத்தை வைத்து இணைத்து, சவர்க்காரத் தண்ணீர் பூசி, ஓட்டி, நிறுத்திக் காட்டுங்கள். காகிதத்தில் சொன்னால் நிற்காது. மின்கலத்தில் ஓடும் எச்சரிக்கைக் கருவிகளைச் சங்கமே மொத்தமாக வாங்கி, தனியே இருக்கும் முதியவர்களுக்கும் பேஸ்மென்றில் இருக்கும் அங்கத்தவர்களுக்கும் கொடுங்கள். வருடாந்த இராப்போசனத்தில் மேசை அலங்காரத்துக்குப் போகும் காசில் நிறைய வாங்கலாம், குறை நினைக்காதீர்கள். கரண்ட் நின்றால் யார் யாருக்குத் தொலைபேசி எடுப்பது என்று ஒரு பட்டியல் இப்போதே எழுதி வையுங்கள். வட்ஸ்அப் குழுவை நிர்வகிப்பவர், பிழையான குரற்பதிவு வந்தால் மரியாதை பாராமல் அழித்துவிட்டுச் சரியானதைப் போட வேண்டும்.

அந்தச் சரியான குரற்பதிவை நான் பேசித் தருகிறேன், மூன்று நிமிடத்துக்குள், எங்கள் ஊர்த் தமிழில். செய்து காட்டுவதற்கும் வருகிறேன். காசு வேண்டாம், பொன்னாடையும் வேண்டாம். சனி, ஞாயிறு பின்னேரம் என்றால் வசதி. இயந்திரம் உங்களுடையதையே எடுத்து வாருங்கள், அதன் நிலைமையையும் ஒருமுறை பார்த்துவிடலாம்.

இப்படிக்கு,
ஸ்காபரோவில் இருந்து ஒரு மின்னியலாளன்